வவுனியா தப்பிவிடும்

பாமினி எழுத்துருவில் ‘கிளிநொச்சி’ என்று அடித்துப் பாருங்கள். ‘ச்’ வந்ததும் விரல் போய் அரைப்புள்ளி விசையைத் தட்டும். பாமினியில் மெய்யெழுத்தின் தலையில் புள்ளி வைப்பது அந்த விசைதான். நம் கண்ணுக்கு அது புள்ளி. கணினிக்கு அது அரைப்புள்ளியேதான். இந்தச் சின்னப் பிணக்கில் ஒரு மாவட்டத்தின் பெயரே பாதியில் நின்றுவிடும்.

இணையப்பக்கம் செய்யும் மென்பொருள்களில் விசார்ட் என்றொரு உதவியாள் உண்டு. பாடசாலையின் பெயர் என்ன, எந்த மாவட்டம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டுக் கடைசியில் பக்கத்தைக் கட்டித் தரும். வெர்மீர் என்ற நிறுவனத்தை 1996 ஜனவரியில் வாங்கியதால் மைக்ரோசொவ்ற்றின் கைக்கு வந்த புரொண்ட்பேஜ், இத்தகைய விசார்ட்டுகளை நாமே எழுதிச் சேர்க்கவும் வழி விட்டது. உள்ளீட்டைக் கொடுக்கும் முறை எளியது. விசார்ட்டை எழுப்பும்போது புரொண்ட்பேஜ் அதன் கையில் ஒரேயொரு முகவரியைக் கொடுக்கும்: ஒரு சிறு உரைக்கோப்பு இருக்கும் இடம். திறந்தால் வரிக்கு ஒன்றாகப் பெயர், சமக்குறி, மதிப்பு. வேலை முடிந்ததா, கைவிடப்பட்டதா, பிழையா என்பதை விசார்ட் அதே கோப்பிலேயே எழுதிவைத்துவிட்டுப் போகும். பிரதேச செயலகத்தில் நீட்டிய கடிதத்தின் ஓரத்திலேயே அதிகாரி குறிப்பெழுதித் தருவாரே, அந்த மாதிரி.

புரொண்ட்பேஜ் பிறந்த காலத்தில் போர் நடந்த இலங்கையின் வன்னிக்குள் ரோர்ச் பற்றரிகூடத் தடைசெய்யப்பட்ட சாமான். 2002 பெப்ரவரி 22 போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பிறகு ஏ-9 வீதி திறந்தது. அன்றைக்கு இங்கே கணினித் தமிழ் என்றால் பெரும்பாலும் பாமினிதான்.

சிக்கல் இதுதான். பெயர், சமக்குறி, மதிப்பு என்று எழுதும் ஐஎன்ஐ வகைக் கோப்புகளில் அரைப்புள்ளி என்றால் ‘இனி வருவது குறிப்புரை, வாசிக்காதே’ என்று பொருள். விண்டோஸின் சொந்த வாசிப்பு கொஞ்சம் பெருந்தன்மையானது. வரியின் தொடக்கத்தில் நிற்கும் அரைப்புள்ளியை மட்டுமே அப்படிக் கொள்ளும். பிஎச்பி நிரல்மொழி அப்படியல்ல. மதிப்பைச் சுற்றி மேற்கோள்குறி இல்லையென்றால், நடுவில் அரைப்புள்ளியைக் கண்ட இடத்திலேயே வெட்டிவிடும். கிளிநொச்சி ‘கிளிநொச’ ஆகும். முல்லைத்தீவின் கதி இன்னும் பரிதாபம்: ‘முல’. வன்னிகூட ‘வன’ தான். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா என்ற மூன்று மாவட்டங்களில் வவுனியா ஒன்றுதான் முழுசாகக் கரை சேரும், அதில் மெய்யெழுத்தே இல்லாத புண்ணியத்தால்.

தொல்லை அரைப்புள்ளியோடு முடியவில்லை. பாமினியின் ‘ஜ’வும் ‘ஸ’வும் சதுர அடைப்புக்குறியின் திறப்பும் மூடலும், ஐஎன்ஐ கோப்பில் பிரிவுத் தலைப்புக்கு அவையே வேலி. ‘ஷ’ பின்சாய்கோடு, விண்டோஸில் அடைவுகளைப் பிரிப்பது அதுவே. ஜெயபுரத்துப் பாடசாலைக்குப் பக்கம் செய்பவர் இரட்டை மேற்கோள்குறியை மறந்தால் பிழை எங்கே என்று தேடி இரவெல்லாம் விழித்திருக்க வேண்டியதுதான்.

யுனிகோட் வந்ததும் எல்லாம் தீர்ந்தது என்று சொல்பவர்கள் பழைய விசுவல் பேசிக்கில் விசார்ட் எழுதியவர்களாக இருக்க முடியாது. அது கோப்பில் எழுதுவது விண்டோஸின் பழைய அன்சி குறிமுறைகளில்; அவற்றில் தமிழுக்கு இடமே கிடையாது. யுனிகோட் தமிழை அந்த வழியாக அனுப்பினால் மறுமுனையில் வெறும் கேள்விக்குறிகள் வந்து இறங்கும். இங்கே வவுனியாவும் தப்பாது: ஏழு கேள்விக்குறிகள்.

புரொண்ட்பேஜின் கதையை மைக்ரோசொவ்ற் 2006இல் முடித்துக்கொண்டது. இப்போது உள்ளீடுகள் பெரும்பாலும் இணைய முகவரியின் வாலில் தொங்கிக்கொண்டு போகின்றன. அங்கே ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டு, ஒவ்வொரு பைட்டுக்கும் விழுக்காட்டுக் குறியோடு மூன்று எழுத்து. வவுனியா 63 எழுத்து, கிளிநொச்சி 90. 64 எழுத்து போதும் என்று யாராவது பெட்டி கட்டியிருந்தால் யார் உள்ளே, யார் வெளியே என்று சொல்ல வேண்டியதில்லை.

கிளிநொச்சிக்கு இன்னொரு வினையும் இருக்கிறது. ‘நொ’வில் உள்ள ‘ொ’வை யுனிகோடில் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராத நிரலுக்கோ இரண்டும் வேறு வேறு ஊர். பட்டியலில் இருப்பதும் கிளிநொச்சி, அனுப்பியதும் கிளிநொச்சி; ஆனாலும் அப்படியொரு மாவட்டமே இல்லை என்று பதில் வரும்.

சோதித்துப் பார்க்க யாரும் முதலில் அடிப்பது தன் சொந்த ஊரைத்தான். வவுனியாக்காரர் எழுதிய விசார்ட் என்றால் நான் கொஞ்சம் அவதானமாகத்தான் இருப்பேன்.