பிணங்கிய அரசுகளும் விளையாட்டுப் பாதுகாப்பும்

ஆட்ட நாளன்று மீமிசல் கடைத்தெருவில் தொலைக்காட்சி முன் கூடுவோர் ஓட்டங்களை எண்ணுவர். அதற்குமுன் அரசுகளிடையே நிகழும் பேச்சை எண்ணுவதில்லை. 2016ஆம் ஆண்டின் இருபது ஓவர் உலகக் கோப்பை அதற்குத் தக்க சான்றாகும்.

அவ்வாண்டு ஜனவரியில் பதான்கோட் விமானப்படைத் தளம் தாக்கப்பட்டதால் இந்திய–பாகிஸ்தான் வெளியுறவுச் செயலர் பேச்சு ஒத்திவைக்கப்பட்டது. எனினும் மார்ச் 19இல் தர்மசாலாவில் இவ்விரு அணிகளும் மோத வேண்டும். இமாசலப் பிரதேசத்து வீரரும் அத்தாக்குதலில் மாண்டிருந்தமையால் அம்மாநில முதலமைச்சர் வீரபத்ர சிங் பாதுகாப்பளிக்கத் தயங்கினார். அத்துயரை நாம் எளிதாகக் கருதலாகாது. சட்டம் ஒழுங்கு மாநிலப் பொருள். நடுவணரசு துணைப்படை அனுப்பலாமேயன்றி, மாநிலக் காவல்துறையின்றி ஆட்டம் நடவாது.

பாகிஸ்தான் ஒரு பாதுகாப்புக் குழுவை அனுப்பியது. இந்தியா அதனை அனுமதித்தது. பிணங்கிய நாட்டின் அதிகாரிகளுக்குத் தன் காவல் ஏற்பாடுகளைத் திறந்து காட்டுவது எந்த அரசுக்கும் எளிதன்று. ஒத்துழைப்பின் உயிர்நிலை இதுவே என்பது நம் கருத்து. ஐயம் தீராமையால் ஆட்டம் கொல்கத்தாவுக்கு மாற்றப்பட்டது. அதன்பின்னும் பாகிஸ்தான் இந்திய அரசின் உறுதிமொழியை வேண்டிற்று; அது கிடைத்த பின்னரே அணி புறப்பட்டது. குறித்த நாளில் ஈடன் கார்டனில் ஆட்டம் நடந்தது, இந்தியா வென்றது.

அரசுகளின் பணி மைதான வாயிலோடு முடிகிறது. உள்ளே நிகழ்வதற்குச் சேப்பாக்கம் சான்று. 1999 ஜனவரியில் தில்லி ஆடுகளத்தை எதிர்ப்பாளர் தோண்டிச் சிதைத்தனர். அம்மாத இறுதியிலேயே சென்னையில் பாகிஸ்தான் 12 ஓட்டங்களில் வென்றது. தம் அணி தோற்ற அக்கணத்தில் சென்னை மக்கள் எழுந்து நின்று கைதட்டினர். வென்றவர்கள் மைதானத்தை வலம்வந்து அவ்வாழ்த்தை ஏற்றனர்.