கப்பல் வருது! துறைமுகம் யாருடையது?



அட்லஸில் வட அமெரிக்காவின் இடது பக்க மேல் மூலையைப் பாருங்க. அதுதான் அலாஸ்கா. அதன் தென்கிழக்கில் சிச்சகாஃப் என்று ஒரு தீவு. அதில் ஹூனா என்று ஒரு குட்டி ஊர். 2020 கணக்கெடுப்புப்படி அங்கே 931 பேர்தான். ஆனா கோடைகாலத்தில் அங்கே வரும் ஒரே சுற்றுலாக் கப்பலில் 3,000 பேருக்கு மேல்கூட இருப்பாங்க! இதை அந்தச் சின்ன ஊர் எப்படிச் சமாளிக்குது?

ஹூனா, டிலிங்கிட் என்ற பழங்குடி மக்களின் ஊர். இவங்க முன்னோர்கள் பக்கத்தில் உள்ள கிளேசியர் பே என்ற விரிகுடாவில் வாழ்ந்தாங்க. 1700களில் பெரிய பனியாறு ஒன்று முன்னேறி வந்து அவங்க ஊர்களை அழிச்சிடுச்சு. உயிர் தப்பி ஹூனாவுக்கு வந்தாங்க. வடகாற்று தாக்காத இடம் என்பதுதான் அந்தப் பெயருக்கு அர்த்தம். பிறகு பனி பின்வாங்கியது. ஆனா 1925-ல் அமெரிக்க அரசு அந்த விரிகுடாவைப் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவித்தது. பின்னால் அங்கே வேட்டைக்கும், பறவை முட்டை எடுப்பதற்கும் தடை வந்தது. 1944-ல் ஹூனாவில் தீப்பிடித்து ஊரே எரிந்தது. பரம்பரைப் பொருள்கள் நிறைய சாம்பலாயிடுச்சு.

இத்தனை இழந்தவங்க எப்படித் துறைமுகத்துக்குச் சொந்தக்காரங்க ஆனாங்க?

1971-ல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. அதன்படி அலாஸ்கா பழங்குடிகளுக்கு நிலமும் பணமும் கிடைத்தன. அதை நிர்வகிக்க ஊர் ஊராக நிறுவனங்கள் ஏற்பட்டன. ஹூனாக்காரர்களுடையது 'ஹூனா டோட்டம்'. அந்த மக்களே அதன் பங்குதாரர்கள். முக்கியமான விஷயம், அந்தப் பங்கை மற்ற பங்குகள் மாதிரி சந்தையில் விற்க முடியாது. பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம்.

ஊருக்கு வெளியே சுமார் 2 கிலோமீட்டர் தள்ளி, 1912-ல் கட்டின சால்மன் மீன் டப்பாத் தொழிற்சாலை மூடிக் கிடந்தது. அதை இந்த நிறுவனம் வாங்கிச் சீர்படுத்தியது. 2004-ல் 'ஐசி ஸ்ட்ரெய்ட் பாயிண்ட்' என்ற பெயரில் கப்பல் பயணிகளுக்குத் திறந்தது. முதலில் கப்பல் கடலிலேயே நிற்கும், சின்னப் படகில்தான் கரைக்கு வரணும். 2016-ல்தான் கப்பல் நேராக வந்து நிற்கும் மேடை கட்டினாங்க.

அங்கே போனா என்ன பார்க்கலாம்? பழைய தொழிற்சாலையே இப்போ அருங்காட்சியகம். மலையிலிருந்து கம்பியில் தொங்கியபடி சுமார் 1,600 மீட்டர் சறுக்கி வரலாம். படகில் போய்த் திமிங்கலம் பார்க்கலாம். காட்டில் பழுப்புக் கரடி உண்டு. டிலிங்கிட் மக்களே ஆடிப் பாடித் தங்கள் கதையைச் சொல்றாங்க. அவங்க குலம் அம்மா வழியில்தான் வருமாம், தோழிகளே!

எல்லாம் நல்லதுதானா? இல்லீங்க. 2020-ல் கொரோனாவால் அலாஸ்காவுக்குப் பெரிய கப்பல்கள் வரவில்லை. ஒரே தொழிலை நம்பினா இந்த ஆபத்து உண்டு. கப்பல் புகையும் கூட்டமும் கடலுக்கும் திமிங்கலத்துக்கும் தொல்லைதான்.

ஆனாலும் ஒரு வித்தியாசம். பல ஊர்களில் யாரோ வந்து துறைமுகம் கட்டுவாங்க, ஊர்க்காரங்க அங்கே கூலிக்குப் போவாங்க. இங்கே எத்தனை மேடை கட்டணும், எந்தக் கதையைச் சொல்லணும் என்பதை அவங்களே முடிவு செய்றாங்க. லாபமும் பங்குதாரர்களுக்கே. தப்பு நடந்தாலும் திருத்துற அதிகாரம் அவங்க கையில் இருக்கு.

வெளியூர்க்காரங்க ரசிக்கிற அழகான இடம் எதைப் பார்த்தாலும், இனி ஒரு கேள்வி கேளுங்க: இதை நடத்துறது யார்? இங்கேயே பிறந்தவங்களுக்கு இதில் என்ன பங்கு?

— 9-ஆம் வகுப்பு மாணவி