மணிக்கு நாலு மைல்

இங்கிலாந்தின் கால்வாய்களில் படகையே வீடாக்கிக்கொண்டவர்கள் இருவர் சந்தித்தால், மழை வருமா வராதா என்பதற்கு அடுத்தபடியாகப் பேசுவது கக்கூஸைப் பற்றித்தான். யார் வைத்திருப்பது கேசட், யார் வைத்திருப்பது தொட்டி, யார் மரத்தூள் போட்டு உரமாக்குகிறார் என்று அரை மணி நேரம் ஓடும். முதல் நாள் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மூன்றாம் நாள் நானும் கருத்துச் சொல்லத் தொடங்கியிருந்தேன்.

என் கல்லூரி நண்பன் மதுரைக்காரன். வேலைக்காக இங்கிலாந்து போனவன், நான்கு வருடங்களுக்கு முன்பு வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு மனைவியோடு ஒரு ‘நேரோபோட்’டில் குடியேறிவிட்டான். இரும்பில் செய்த ஒல்லிப் படகு. நீளம் 57 அடி, அகலம் ஆறடி பத்து அங்குலம். ஒன்றரை டவுன் பஸ் நீளம் இருக்கும். அகலத்தில் பஸ்ஸைவிடக் குறைவு. உள்ளே நின்று இரண்டு கைகளையும் நீட்டினால் இரண்டு பக்கச் சுவரும் தட்டும். எதிரே ஒருவர் வந்தால் யாராவது ஒருவர் பின்வாங்கிப் படுக்கையில் உட்கார வேண்டும். இந்த அளவை முடிவு செய்தது என் நண்பனல்ல, 1760-களில் வாழ்ந்த ஜேம்ஸ் பிரிண்ட்லி என்ற பொறியாளர். தண்ணீரும் காசும் மிச்சமாகட்டும் என்று தன் கால்வாய்களின் லாக்குகளை, அதாவது படகை ஏற்றி இறக்கும் தண்ணீர்க் கூண்டுகளை, ஏழடி அகலத்துக்குக் கட்டினார் அவர். அன்று நிலக்கரியும் களிமண்ணும் ஏற்றிய படகின் அகலத்துக்குள்தான் இன்று இவர்கள் கட்டில் போட்டுத் தூங்குகிறார்கள்.

அக்டோபர் கடைசியில் அவர்களோடு சில நாள் தங்கப் போனேன். படகு அப்போது வில்ட்ஷயர் மாவட்டத்தில் டிவைசஸ் என்ற ஊரில் நின்றது. ஏறி உட்கார்ந்ததுமே நண்பனின் மனைவி சட்டம் சொல்லிவிட்டார்: “அண்ணா, குளிக்கிறதுன்னா ரெண்டு நிமிஷம்தான். சோப்பு போடறப்ப தண்ணிய நிறுத்திடுங்க.”

தொட்டியில் பிடிப்பது 500 லிட்டர். கரையோரம் குழாய் இருக்கும் இடம் வரை படகை ஓட்டிக்கொண்டு போய், ஹோஸைச் சொருகிவிட்டு ஒரு மணி நேரம் காத்திருந்தால்தான் மறுபடி நிரம்பும். 2019-இல் சென்னையில் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்தவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை. மின்சாரமும் அப்படித்தான். கூரைமேல் சூரியத் தகடுகள், கீழே பேட்டரிகள். கோடையில் கவலையில்லை. அக்டோபர் தாண்டினால் சூரியன் கையை விரித்துவிடுவான்; இன்ஜினை ஓட்டித்தான் பேட்டரியை நிரப்ப வேண்டும். அதையும் இராத்திரி எட்டு மணியிலிருந்து காலை எட்டு மணி வரை ஓட்டக்கூடாது, பக்கத்துப் படகுக்காரர் தூங்க வேண்டுமே. அதனால் அந்த வீட்டில் மிக்ஸி ஓடுகிற நேரம் இன்ஜின் ஓடுகிற நேரம். தேங்காய்ச் சட்னி வேண்டுமென்றால் டீசல் எரிய வேண்டும்.

தோசை மாவு மட்டும் அவர்களுக்குப் பிரச்சினையே இல்லை. இங்கிலாந்துக் குளிரில் மாவு புளிக்காமல் அடுக்குமாடி வீடுகளில் தமிழர்கள் படும் பாட்டை நான் பார்த்திருக்கிறேன். இங்கே படகின் முன்பக்கம் இரவெல்லாம் கனன்றுகொண்டிருக்கும் கரி அடுப்பு இருக்கிறது. அதற்கு இரண்டடி தள்ளி மாவுப் பாத்திரத்தை வைத்தால், விடியும்போது மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. அந்த அடுப்பை நம்பித்தான் குளிர்காலமே ஓடுகிறது. அதில் ஆபத்தும் உண்டு. கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி படகில் இருந்தே ஆக வேண்டும் என்று 2019-இல் விதி வந்தது. நான்கு வருடத்துக்கு ஒரு முறை பாதுகாப்புச் சான்றிதழ் வாங்க வேண்டும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி, அடியில் தார் பூச வேண்டும்.

சரி, கக்கூஸ் விஷயம். நண்பனுடையது கேசட் வகை. அடியில் இருபது லிட்டர் பிளாஸ்டிக் பெட்டி. இரண்டு மூன்று நாளில் நிரம்பும். அதை உருவி, தள்ளுவண்டியில் வைத்து, கரையில் அதற்கென்றே இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோய்க் கொட்டிக் கழுவி எடுத்துவர வேண்டும். ஐ.டி. கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருப்பவன், காலைக் கூட்டம் முடிந்து லேப்டாப்பை மூடிவிட்டு இதைச் செய்யப் போனான். “மதுரைல எங்க வீட்டுல இதெல்லாம் எங்க போகுதுன்னு ஒருநாளும் நெனச்சுப் பாத்ததில்ல மாப்ள,” என்றான். நானும் நினைத்ததில்லை. நம் ஊரில் அதை நினைக்க வேண்டிய அவசியமில்லாமல் இன்னொருவர் தலையில் கட்டிவைத்திருக்கிறோம் என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

இத்தனை பாட்டோடு ஏன் ஓரிடத்தில் நிற்காமல் அலைய வேண்டும்? காரணம் 1995-ஆம் ஆண்டுச் சட்டம். படகை நிரந்தரமாகக் கட்டிவைக்கச் சொந்த இடம் இல்லாதவர்கள் எந்த ஓர் இடத்திலும் தொடர்ந்து 14 நாளுக்கு மேல் நிற்கக்கூடாது. சொந்த இடம் வாங்கினால் வருடா வருடம் பெரும் தொகை. வாங்காவிட்டால் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 3,200 கிலோமீட்டர் நீர்வழிகளை 2012-இலிருந்து ‘கனால் அண்ட் ரிவர் டிரஸ்ட்’ என்ற அறக்கட்டளை பார்த்துக்கொள்கிறது. நகரும் படகுக்காரர்களுக்கு உரிமக் கட்டணத்தில் 2024-இலிருந்து கூடுதல் தொகையும் விழுகிறது. ‘வீடு வாங்க வழியில்லாமல்தானே தண்ணீரில் இறங்கினோம்’ என்ற புலம்பலைக் கரையெங்கும் கேட்கலாம். அந்தப் புலம்பலில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் பட்டது.

டிவைசஸில் நண்பனின் 14 நாள் முடிந்தது. அடுத்து மேற்கே, பிராட்ஃபோர்டு-ஆன்-ஏவன். கால்வாய் வழியில் சுமார் இருபது கிலோமீட்டர். இரண்டு நாள் ஆகும் என்றான். நான் நம்பவில்லை. மறுநாள் காலை கேன் ஹில்லைப் பார்த்ததும் நம்பினேன்.

அங்கே கால்வாய் மலையிறங்குகிறது. இரண்டு மைல் தூரத்தில் 72 மீட்டர் இறக்கம், 29 லாக்குகள். நடுவிலுள்ள 16 லாக்குகள் ஒரே நேர்கோட்டில், கோயில் குளத்துப் படிக்கட்டைப்போல் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றன. இவ்வளவு நெருக்கமாக இருந்தால் இடையில் தண்ணீர் எங்கே தங்கும்? அதற்காக ஒவ்வொரு இடைவெளிக்கும் பக்கவாட்டில் ஒரு குளம் வெட்டியிருக்கிறார்கள். வடிவமைத்தவர் ஜான் ரென்னி. கால்வாய் முழுமையாகத் திறந்தது 1810. இறங்கிப்போகும் தண்ணீரை அடிவாரத்திலிருந்து மேலே தள்ளுவதற்கு 1996-இல் பம்ப் வைத்தார்கள். அதற்கு நாளொன்றுக்கு மூன்று கோடி லிட்டருக்கு மேல் ஏற்றும் திறன்.

லாக் என்பது முன்னும் பின்னும் கதவு வைத்த தண்ணீர்க் கூண்டு. படகு உள்ளே வந்ததும் பின்கதவைச் சாத்தி, முன்கதவின் மதகைத் திறந்தால் தண்ணீர் வடியும். படகு எட்டடி கீழே இறங்கும். முன்கதவைத் திறந்து வெளியேறலாம். மதகைத் தூக்கக் கையில் ஓர் இரும்புச் சாவி தருவார்கள், நம் ‘ட’ எழுத்தின் வடிவம். பல்சக்கரத்தில் அதை மாட்டிச் சுற்ற வேண்டும். முதல் ஐந்து லாக் வரை எனக்கு உற்சாகம். பத்தில் தோள் பேசியது. பதினைந்தில் நான் பேசுவதை நிறுத்தினேன்.

இந்தக் கால்வாயின் லாக்குகள் அகலமானவை, இரண்டு ஒல்லிப் படகுகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். அன்று எங்களுக்கு ஜோடியாக வந்தவர் எழுபது வயது தாண்டிய ஒரு பெண்மணி. தனியாகப் படகில் வாழ்பவர். இரண்டு படகுகளையும் சேர்த்துக் கட்டி ஒரே படகாக ஓட்டினார்கள். நான் கதவின் நீண்ட மரக்கட்டையைக் கையால் தள்ளித் திணறுவதைப் பார்த்து, திரும்பி நின்று பின்பக்கத்தால் சாய்ந்து தள்ளச் சொல்லிக்கொடுத்தார் அந்த அம்மாள். அப்படித் தள்ளினால் நகர்கிறது. ஆனால் இரண்டு பக்கமும் நீர்மட்டம் ஒன்றாகும் வரை யானை தள்ளினாலும் அசையாது. இன்னொன்றையும் கடுமையாகச் சொன்னார். பின்கதவின் அடியில் ஒரு கல்படி நீட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் வடியும்போது படகின் பின்பகுதி அதில் மாட்டிக்கொண்டால் மூக்கு கீழே போகும், சில நிமிடங்களில் படகே மூழ்கும். அதனால் சுவரிலுள்ள வெள்ளைக் கோட்டுக்கு முன்னால்தான் நிற்க வேண்டும். அதன்பிறகு அந்தக் கோட்டைத் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை. ஐந்தரை மணி நேரத்தில் அடிவாரம் வந்தோம்.

இந்தக் கால்வாய் ஒருமுறை செத்துப் பிழைத்தது. 1841-இல் லண்டனுக்கும் பிரிஸ்டலுக்கும் இடையே ரயில் வந்ததும் சரக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. 1852-இல் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயே கால்வாயை வாங்கி, பராமரிப்பைச் சுருக்கியது. 1950-களில் கேன் ஹில் முழுக்கப் புதர். மூடப்போகிறார்கள் என்றதும் 1956-இல் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட மனுவை நீர்வழியாகவே லண்டனுக்குக் கொண்டுபோனார்கள். பிறகு பல பத்தாண்டுகள் தன்னார்வலர்கள் மண்வெட்டியோடு இறங்கித் தூர்வாரினார்கள். 1990-இல் எலிசபெத் ராணி வந்து திறந்துவைத்தார். எனக்கு நம் பக்கிங்காம் கால்வாய் நினைவுக்கு வந்தது. பாரதிதாசன் அதில்தான் படகேறி மாவலிபுரம் போய்ப் பாட்டெழுதினார். உப்பும் விறகும் வந்த வழி அது. இங்கிலாந்தில் ரயில் கம்பெனி கால்வாயை வாங்கிச் சாகவிட்டது. நாமோ கால்வாய்க்குள்ளேயே பறக்கும் ரயிலுக்குத் தூண் நட்டோம்.

இரண்டாம் நாள் சீண்ட், செமிங்டன் லாக்குகள், கையால் திருப்ப வேண்டிய பாலங்கள், நிறையச் சோம்பேறி வாத்துகள். உச்சவேகமே மணிக்கு நாலு மைல். கரையில் நின்ற படகுகளைக் கடக்கும்போது அதிலும் பாதி. வேகமாகப் போனால் அவர்கள் அடுப்பிலிருக்கும் டீ கொட்டும். பிராட்ஃபோர்டில், மாட்டுக்கு அடிப்பதுபோல் கரையில் இரும்பு முளை அடித்துக் கயிறு கட்டினோம்.

அப்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. கார் டிவைசஸிலேயே நிற்கிறது. ஒவ்வொரு முறை படகை நகர்த்திய பிறகும் யாராவது திரும்பிப் போய்க் காரைக் கொண்டுவர வேண்டும். நண்பன் வழக்கமாகக் கரைப்பாதையில் சைக்கிளில் போவான். இந்த முறை சைக்கிள் பஞ்சர். “நான் போறேன்” என்றேன். நான்கு பேர் வேலை செய்கிற ஒல்லி வீட்டிலிருந்து அரை நாள் தப்பிக்கும் ஆசையும் இருந்தது. மூன்று பேர்தான் இருந்தோம். நான்காவது ஆளாக அந்தக் கேசட்டைச் சேர்த்திருக்கிறேன்.

மறுநாள் ட்ரோபிரிட்ஜ் போய் பஸ் பிடித்து டிவைசஸ் சேர்ந்தேன். காரை எடுத்தவன் நேராகப் புறப்படாமல் கேன் ஹில் உச்சிக்குப் போய் நின்றேன். சுற்றுலா வந்தவர்கள் ஐஸ்கிரீமோடு படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இதில் இறங்க எவ்வளவு நேரமாகும் என்று ஒருவர் தன் மனைவியிடம் கேட்டார். என்னிடம் கேட்காதபோதும் நான் பதில் சொன்னேன், வெள்ளைக் கோடு உட்பட.

பட்டியலில் கேஸ் சிலிண்டரும் மூன்று மூட்டைக் கரியும் இருந்தன. அதற்காக மெல்க்ஷம் வழியாகச் சுற்றினேன். இரண்டு நாள் நடைவேகத்தில் வந்தவனுக்கு முப்பது மைல் வேகமே தலைசுற்றியது. பின்னால் கார்கள் வரிசை கட்டின. மெல்க்ஷமிலிருந்து தெற்கே ஏ350 சாலையில் வந்தபோது எதிரே ஒரு கான்கிரீட் பாலம். கீழே நுழைந்து மறுபுறம் வந்த பிறகுதான் தெரிந்தது, மேலே போவது எங்கள் கால்வாய். 2004-இல் புறவழிச்சாலை போட்டபோது கால்வாயைத் தொட்டிபோல் சாலைக்கு மேலே தூக்கிக் கொண்டுபோயிருக்கிறார்கள். முந்தைய நாள் அதன்மேல்தான் நான் கையில் டீயோடு நின்றுகொண்டு வந்தேன். கீழே சாலை இருந்தது கண்ணில் படவே இல்லை. இப்போது காரில் அதைத் தாண்ட இரண்டு நொடிகூட ஆகவில்லை.

அடுத்த ரவுண்டானாவில் திருப்பிக்கொண்டு மறுபடி அடியில் போனேன். இன்னொரு முறையும். மூன்றாவது முறை, மேலே ஒரு மனிதனின் தொப்பி மட்டும், ஏதோ கயிற்றில் இழுப்பதுபோல் மெதுவாக நகர்ந்தது.

சுற்றுவழியையும் சேர்த்து முப்பது கிலோமீட்டருக்குள்தான் பயணம். கடைகளில் நின்றதைக் கழித்தால் முக்கால் மணி நேரம். பிராட்ஃபோர்டில் காரை நிறுத்திவிட்டுப் போன் செய்தேன். நண்பன் தள்ளுவண்டியோடு வந்தான். சிலிண்டரையும் கரி மூட்டைகளையும் ஏற்றினோம். இது அந்தத் தள்ளுவண்டியா என்று நான் கேட்கவில்லை.

இங்கிலாந்து போகிறவர்கள் பலரும் லண்டனைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஒருநாள் ஒதுக்கி டிவைசஸுக்குப் போங்கள். காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் படகுகளை இறங்க விடமாட்டார்கள். படம் எடுத்து முடிந்ததும் போனைப் பையில் போட்டுவிட்டு, தனியாக வருகிற ஏதாவது படகுக்குக் கதவு தள்ளிக் கொடுங்கள். திரும்பி நின்று, முதுகைச் சாய்த்துத் தள்ள வேண்டும்.