திருவிழாவுக்குப் போகிறீர்களா? குழந்தையின் தாகத்தை மறக்காதீர்கள்!



பங்குனி பிறந்துவிட்டால் நம் பக்கத்துக் குடும்பங்களுக்குக் கால் வீட்டில் நிற்காது. மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலிலும் திருவான்மியூர் மருந்தீசுவரர் கோயிலிலும் பங்குனிப் பெருவிழா. குன்றத்தூர் முருகன் மலையில் பங்குனி உத்திரம். பள்ளிக்கூடம் மூடியதும் வண்டலூர் உயிரியல் பூங்கா. தாராளமாகப் போய் வாருங்கள். குழந்தையும் மேளம் கேட்கட்டும், தேர் பார்க்கட்டும்.

ஆனால் இது வெயில் ஏறும் காலம். பெரியவருக்குத் தாகம் எடுத்தால் மோர்ப்பந்தலைத் தேடிப் போவார். ஒரு வயதுக் குழந்தை என்ன செய்யும்? சிணுங்கும். "தூக்கம் வந்துடுச்சு போல" என்று நாம் தோளில் சாய்த்துக்கொள்வோம். அது தாகமாகவும் இருக்கலாம்.

சின்ன உடம்பு ஏன் சீக்கிரம் வாடுகிறது?

அடுப்பில் வைத்தால் அண்டாத் தண்ணீரைவிடச் சொம்புத் தண்ணீர் சீக்கிரம் சுடும் அல்லவா? அதுபோலத்தான். எடையோடு ஒப்பிட்டால் குழந்தையின் தோல் பரப்பு பெரியவரைவிட அதிகம். வெளிச்சூடு விரைவில் உள்ளே ஏறும். வியர்த்து உடம்பைக் குளிர்விக்கும் திறனும் குறைவு.

எந்த நேரம் போகலாம்?

பகல் 11 மணி முதல் 4 மணி வரை கைக்குழந்தையை வெயிலில் கொண்டுபோக வேண்டாம். மயிலாப்பூரில் எட்டாம் நாள் அறுபத்து மூவர் உற்சவம் பிற்பகலில் நடக்கும். தாம்பரத்தில் மின்சார ரயில் பிடித்து, பஸ் மாறிப் போக வேண்டுமானால் உச்சி வெயிலில் கிளம்ப வேண்டிவரும். கூட்டமும் அன்றுதான் அதிகம். பச்சைக் குழந்தை இருந்தால், மூன்றாம் நாள் விடியற்காலை அதிகார நந்தியையோ, ஐந்தாம் நாள் இரவு ரிஷப வாகனத்தையோ பாருங்கள். சாமி அதே சாமிதான்!

வண்டலூர் பூங்காவுக்கானால் காலையில் திறந்தவுடன் போய்விடுங்கள். செவ்வாய்க்கிழமை விடுமுறை. கோயில் பிரகாரத்தில் கல்தரை கொதிக்கும். நடக்கும் குழந்தையையும் தூக்கிக்கொள்ளுங்கள். அப்பாவும் முறைபோட்டுத் தூக்கட்டும்.

என்ன கொடுக்கலாம்?

ஆறு மாதம் முடியாத குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே. "நாக்கு வறளுது, ஒரு சங்கு தண்ணி கொடும்மா" என்று பாட்டி சொல்வாங்க. அன்பினால் சொல்வதுதான்; ஆனாலும் வேண்டாம். தாய்ப்பாலில் நூற்றுக்கு 88 பங்கு தண்ணீரே. வழக்கத்தைவிட அடிக்கடி பால் கொடுங்கள். தாயும் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும்.

ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலோடு, காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை வீட்டிலிருந்தே எடுத்துப்போய், கேட்காவிட்டாலும் அடிக்கடி கொடுங்கள். பந்தலில் தரும் மோரும் பானகமும் நல்ல மனதோடு தருவதுதான். ஆனால் அதில் கலந்த தண்ணீரும் ஐஸும் எங்கிருந்து வந்தவை என்று நமக்குத் தெரியாது. வெட்டி வைத்த பழம், கலர் ஐஸ் வேண்டாம். உரித்த உடனே தரும் வாழைப்பழம் நல்லது. முழு வேர்க்கடலை, பொரிகடலை ஐந்து வயதுக்குள் கொடுக்காதீர்கள், மூச்சுக்குழலில் சிக்கும்.

வெயிலுக்கென்று குழந்தையின் முகத்தைத் துணியால் மூடாதீர்கள். மெல்லிய பருத்திச் சட்டையும் குடையும் போதும். சட்டைப் பையில் உங்கள் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டு இருக்கட்டும். நகை வேண்டாம்.

வீடு திரும்பியபின் வயிற்றோட்டமானால்

"பேதி நிக்கிற வரைக்கும் எதுவும் கொடுக்காதே" என்பது தவறு. போகிற நீரை ஈடுகட்ட வேண்டும். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும். ஒரு பொட்டலத்தை ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்துங்கள். பொட்டலம் இல்லாவிட்டால் ஒரு லிட்டருக்குச் சர்க்கரை தலைதட்டி 6 தேக்கரண்டி, உப்பு தலைதட்டி அரைத் தேக்கரண்டி. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை வயிறு போனபின்பும் 50 முதல் 100 மில்லி வரை, கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக. தாய்ப்பாலையும் சோற்றையும் நிறுத்த வேண்டாம். துத்தநாக மாத்திரை பற்றிச் செவிலியரைக் கேளுங்கள்.

இவற்றைக் கண்டால் தாமதிக்காதீர்கள்

* ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை
* அழுதும் கண்ணீர் வரவில்லை, நாக்கு வறண்டிருக்கிறது
* கண் குழிவிழுந்திருக்கிறது
* துவண்டு கிடக்கிறது, பால் குடிக்கவில்லை
* உடம்பு நெருப்பாகச் சுடுகிறது, வலிப்பு வருகிறது

"கண்ணு பட்டிருக்கும், சுத்திப் போட்டா சரியாயிடும்" என்று காத்திருக்க வேண்டாம். நிழலுக்குக் கொண்டுபோய், சட்டையைக் கழற்றி, ஈரத்துணியால் உடம்பெங்கும் துடைத்து விசிறுங்கள். நினைவில்லாத குழந்தையின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.

தேர் அடுத்த வருடமும் ஓடும். இந்த வருடம் குழந்தைக்கு முடியாது என்று தோன்றினால், பாதியில் திரும்பி வந்துவிடுவதில் குறை ஒன்றுமில்லை.

நேரம் பார்த்துக் கிளம்புவோம்! நீர் கொடுத்துக் காப்போம்!