பீரோ நிறைய டிரெஸ்... போட்டுக்க ஒண்ணுமில்லையா? டிரெண்டும் மிஸ் ஆகாம, பர்ஸும் காலியாகாம ஷாப்பிங் பண்ண ஈஸி கைடு!

போன போகிக்கு வீட்டைச் சுத்தம் பண்ணும்போது, என் பீரோவையும் மொத்தமா காலி பண்ணி கட்டில்ல கொட்டினேன். எண்ணிப் பார்த்தா 52 டிரெஸ். அதுல வாரா வாரம் மாத்தி மாத்திப் போடுறது எதுன்னு பிரிச்சப்போ, 15 தான் தேறுச்சு. மீதியில 9 டிரெஸ்ல விலை அட்டையைக்கூடப் பிரிக்கலை. சும்மா இருக்காம, அந்த ஒன்பதோட விலையையும் மொபைல்ல கூட்டிப் பார்த்தேன். 8,740 ரூபாய்!

அந்த வருஷம்தான் அம்மா, “கண்ணாடி பவர் மாறிடுச்சுபோலடா, பேப்பர் படிக்கவே முடியலை”ன்னு சொல்லியிருந்தாங்க. “அடுத்த மாசச் சம்பளம் வரட்டும்மா”ன்னு மூணு மாசம் தள்ளிப்போட்டேன். கையில காசு இல்லைன்னு நிஜமாவே நம்பினேன். காசு இருந்திருக்கு. பீரோவுல தொங்கிட்டு இருந்திருக்கு.

இதுக்காக, ‘டிரெண்டே வேண்டாம், ரெண்டு வெள்ளைச் சட்டையோட வாழுங்க’ன்னு கிளாஸ் எடுக்கப் போறதில்லை. நல்லா டிரெஸ் பண்றது ஒரு சந்தோஷம். இன்டர்வியூவுக்கோ, ஃப்ரெண்ட் கல்யாணத்துக்கோ போறப்போ அது தர்ற தன்னம்பிக்கையே தனி. ஆனா, வாங்குறது பீரோவுல தூங்காம நம்ம உடம்புல இருக்கணும். அதுக்கு என்ன பண்ணலாம்?

விலையைப் பார்க்காதீங்க, ‘ஒரு தடவைக்கு எவ்ளோ’ன்னு பாருங்க!

ரீல்ஸ்ல பார்த்த பிரின்டட் சட்டை 600 ரூபாய்க்குக் கிடைக்குது. வாங்கி மூணு தடவை போட்டுட்டு ஓரம்கட்டிட்டோம்னா, ஒரு தடவைக்கு 200 ரூபாய். நல்ல காட்டன் சட்டை 1,500 ரூபாய். ரெண்டு வருஷத்துல 60 தடவை போட்டா, ஒரு தடவைக்கு வெறும் 25 ரூபாய். இப்போ சொல்லுங்க, எது சீப்?

அதுக்காக, காஸ்ட்லியா இருந்தா நல்லதுன்னும் அர்த்தம் இல்லை. 300 ரூபாய் டி-ஷர்ட்டை 100 தடவை போட்டா ஒரு தடவைக்கு 3 ரூபாய்தான். கடையில நிக்கும்போது, ‘இதை நான் 30 தடவையாவது போடுவேனா?’ன்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க. பாதி டிரெஸ் தானா ஹேங்கருக்குத் திரும்பிடும். ஒரே ஒரு ரிசப்ஷனுக்காக மட்டும் ஷெர்வானியோ லெஹெங்காவோ தேவைன்னா, வாடகைக்கு எடுக்கலாமான்னும் யோசிங்க.

டிரெண்டுலயும் ரெண்டு வகை இருக்கு

டிரெண்ட் நம்ம ஊருக்குப் புதுசு இல்லை. சினிமா பேர்லயும் சீரியல் பேர்லயும் புடவை வித்த ஊர் இது. 80-கள்ல நடிகை நதியா பேர்ல கம்மல், வளையல்னு வந்து கடைகள்ல சக்கைப்போடு போட்டதை உங்க அம்மாகிட்ட கேட்டா சொல்வாங்க. அப்போ ஒரு டிரெண்ட் வந்து போக மாசக்கணக்குல ஆச்சு. இப்போ நாலு ரீல்ஸ் தள்ளுறதுக்குள்ள அடுத்தது வந்துடுது.

மெதுவா மாறுற டிரெண்ட் ஒண்ணு இருக்கு. 2010-கள்ல ஸ்கின்னி ஜீன்ஸ்தான் ராஜா. இப்போ பேகி, வைட் லெக், டிராப் ஷோல்டர் டி-ஷர்ட்னு எல்லாம் தொளதொளன்னு ஆகிடுச்சு. 90-கள்ல அண்ணன்கள் போட்ட பேகி பேன்ட்டேதான் திரும்பி வந்திருக்கு. இந்த மாதிரி மொத்த ‘ஷேப்’பே மாறுற டிரெண்ட் சில வருஷம் நிக்கும். இதுல ஒண்ணு, ரெண்டு நல்லதா வாங்கலாம்.

இன்னொண்ணு, படம் ரிலீஸானதும் வர்ற ஹீரோ சட்டை, திடீர்னு எல்லா இன்ஃப்ளூயன்ஸரும் போடுற ஒரு கலர் மாதிரி வேகமா வந்து போறது. இதுல ஆசை இருந்தா, சின்னதா பண்ணிக்குங்க. அந்தக் கலர்ல ஒரு தொப்பி, ஒரு துப்பட்டா, ஒரு ஜோடி கம்மல் போதும். மூணு மாசத்துல டிரெண்ட் போனாலும் பெருசா நஷ்டம் இல்லை.

எதை வாங்குறதுக்கு முன்னாடியும் ஒரு டெஸ்ட்: வீட்ல இருக்கிற மூணு டிரெஸ்ஸோட இதைச் சேர்த்துப் போட முடியுமா? முடியலைன்னா, அந்தப் பேன்ட்டுக்காக ஒரு சட்டை, அந்தச் சட்டைக்காக ஒரு ஷூன்னு செலவு இழுத்துக்கிட்டே போகும். என்னோட 9 டிரெஸ்ல நாலு, மேட்சிங் இல்லாமதான் தூங்கிட்டு இருந்துச்சு.

லேபிளைப் படிக்கக் கத்துக்குங்க

டிசைனைப் பார்க்கிற நேரத்துல பாதியை, உள்ளே தைச்சிருக்கிற குட்டி லேபிளுக்குக் கொடுங்க. ‘காட்டன் ஃபீல்’, ‘லினன் லுக்’னு போட்டிருந்தா, அது காட்டனோ லினனோ இல்லாம இருக்கலாம். சதவிகிதக் கணக்குல என்ன போட்டிருக்குன்னு பாருங்க.

சாதாரண சூழல்ல பருத்தி இழை, தன் எடையில 8 சதவிகிதத்துக்கு மேல ஈரப்பதத்தை உள்ள வாங்கிக்கும். பாலியஸ்டர் அரை சதவிகிதம்கூட வாங்காது. சென்னை மே மாச வெயில்ல, பாலியஸ்டர் சட்டை போட்டுக்கிட்டு பஸ்ல நின்னா ஏன் கசகசன்னு இருக்குன்னு இப்போ புரியுதா? அதே பாலியஸ்டர், சட்டுனு காயும், சுருங்காது. மழைக்கும் ஜிம்முக்கும் ஓகே.

குர்திகள்ல அதிகமா வர்ற ரேயான், விஸ்கோஸ் எல்லாம் மரக்கூழ்ல இருந்து செய்யுற இழை. மெத்து மெத்துன்னு அழகா விழும். ஆனா, தண்ணி பட்டா பலம் குறையும், சுருங்கவும் வாய்ப்பு இருக்கு. ரொம்பப் பிடிப்பா வாங்காம கொஞ்சம் லூஸா வாங்கி, கையால அலசுங்க. லினன் கசங்கத்தான் செய்யும், அதுதான் அதோட குணம். அயர்ன் பண்ண சோம்பேறித்தனமா இருந்தா லினன் பக்கம் போகாதீங்க!

டி-ஷர்ட் வாங்குறவங்க ‘ஜி.எஸ்.எம்’ங்கிற வார்த்தையைப் பார்த்திருப்பீங்க. ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் எடைங்கிறதுதான் அது. 150-க்குப் பக்கத்துல இருந்தா மெல்லிசு. 180 நம்ம தினசரி உபயோகத்துக்கு நல்லா இருக்கும். ஓவர்சைஸ்டு டி-ஷர்ட் தொங்கிப்போகாம விறைப்பா நிக்கணும்னா 220-க்கு மேல பாருங்க. ஆனா, வெயிலுக்கு அது கனம்தான். ‘பயோ வாஷ்’னு போட்டிருந்தா, மேல இருக்கிற சின்னச் சின்ன நூல் பிசிறுகளை என்சைம் மூலமா நீக்கியிருக்காங்கன்னு அர்த்தம்.

டிரையல் ரூம்ல அஞ்சு நிமிஷம்

சட்டையை உள்பக்கமா திருப்பிப் பாருங்க. நூல் பிரிஞ்சு தொங்கினா வெச்சுடுங்க. பக்கத் தையலை ரெண்டு கையால லேசா இழுங்க. தையலுக்கு நடுவுல இடைவெளி தெரிஞ்சா, அது சீக்கிரம் விட்டுடும். டி-ஷர்ட்டோட பக்கத் தையல் நேரா இறங்காம முன்பக்கமா முறுக்கி வந்தா, துவைக்கத் துவைக்க அது இன்னும் கோணலாகும். அடர்கலர் துணியை வெள்ளைக் கர்ச்சீப்பால தேய்ச்சுப் பாருங்க. கலர் ஒட்டுச்சுன்னா மத்த துணிகளையும் அது கெடுக்கும்.

போட்டுப் பார்க்கிறப்போ கண்ணாடி முன்னாடி சிலை மாதிரி நிக்காதீங்க. உட்காருங்க, குனிங்க, பஸ்ல கம்பியைப் பிடிக்கிற மாதிரி கையைத் தூக்குங்க. நம்ம வாழ்க்கை அப்படித்தானே போகுது!

ஆன்லைன்ல: டேப் எடுங்க, டைமரை நம்பாதீங்க

ஒரு பிராண்டோட ‘எம்’ இன்னொரு பிராண்டுல ‘எல்’ ஆகலாம். அதனால எழுத்தை நம்பாதீங்க. வீட்ல உங்களுக்கு கச்சிதமா இருக்கிற சட்டையைத் தரையில விரிச்சு, அக்குளுக்குக் கீழ அகலம், தோள், நீளம் மூணையும் டேப்ல அளந்து மொபைல்ல நோட் பண்ணிக்குங்க. ஆர்டர் போடும்போது சைஸ் சார்ட்டோட ஒப்பிட்டுப் பாருங்க. மாடல் போட்டோவைவிட, வாங்கினவங்க ரிவ்யூல போட்ட போட்டோதான் உண்மையைச் சொல்லும்.

‘இன்னும் 2 தான் இருக்கு’, ‘ஆஃபர் முடிய 9 நிமிஷம்’... இப்படி இல்லாத அவசரத்தை உருவாக்கி வாங்க வைக்கிறதை, மத்திய அரசு 2023 நவம்பர்ல வெளியிட்ட ‘டார்க் பேட்டர்ன்’ விதிகள் தடை பண்ணியிருக்கு. நம்மைக் கேட்காமலே கார்ட்ல எதையாவது சேர்க்கிறது, கடைசி ஸ்க்ரீன்ல திடீர்னு கூடுதல் கட்டணம் காட்டுறதுனு மொத்தம் 13 வகைத் தந்திரங்கள் அந்தப் பட்டியல்ல இருக்கு. பிடிச்ச டிரெஸ்ஸை கார்ட்ல போட்டுட்டு ஒரு நாள் விடுங்க. மறுநாள் காலையிலயும் ஞாபகம் இருந்தா வாங்குங்க.

‘பே லேட்டர்’ல டிரெஸ் வாங்குறதை முடிஞ்சவரை தவிர்த்துடுங்க. தவணை தவறினா அபராதம் வரும், கிரெடிட் ஸ்கோரும் அடிவாங்கும். டிரெண்ட் போன பிறகும் தவணை போகாது!

தள்ளுபடியில நிஜமா லாபமா?

ஆடி மாசம் கல்யாணம் இருக்காது, ஜவுளி வியாபாரம் மந்தமா இருக்கும். தீபாவளி சரக்குக்கு இடம் வேணும். அதுக்குத்தான் ஆடித் தள்ளுபடி. அதனால, இந்த நேரத்துல புது டிரெண்டைத் தேடாம, எப்பவும் தேவைப்படுற ஃபார்மல் பேன்ட், வெள்ளைச் சட்டை, லெகிங்ஸ், உள்ளாடை, பெட்ஷீட்னு வாங்கினா உண்மையிலேயே லாபம். ‘ரெண்டு வாங்கினா ஒண்ணு ஃப்ரீ’ போர்டைப் பார்த்தா, ‘எனக்கு மூணு வேணுமா?’ன்னு முதல்ல கேட்டுக்குங்க.

2025 செப்டம்பர் 22-ல இருந்து, ஒரு உடையோட விலை 2,500 ரூபாய் வரை ஜி.எஸ்.டி 5 சதவிகிதம். அதைத் தாண்டினா 18 சதவிகிதம். எம்.ஆர்.பி-ல எல்லா வரியும் அடக்கம். எம்.ஆர்.பி-க்கு மேல ஜி.எஸ்.டி போட்டா, தைரியமா கேளுங்க.

மால் மட்டுமே கடை இல்லை

வெளிநாட்டு பிராண்டுகளுக்குப் போற பனியன் துணிகள் தயாராகுற திருப்பூர்ல, காதர்பேட்டைப் பக்கம் போனா ஏற்றுமதியில மிஞ்சின டி-ஷர்ட், டிராக் பேன்ட் எல்லாம் குறைஞ்ச விலைக்குக் கிடைக்கும். வெளிநாட்டு அளவுல தைச்சதுங்கிறதால சைஸை அளந்து வாங்குங்க. சின்ன ஓட்டை, பிரின்ட் பிசகு இருக்கான்னு வெளிச்சத்துல பாருங்க. ஈரோடு கனி மார்க்கெட் ஜவுளிச் சந்தை திங்கள் ராத்திரி ஆரம்பிச்சு செவ்வாய்க்கிழமை வரை களைகட்டும். கூட்டமா போய் மொத்தமா வாங்கினா லாபம்.

எல்லாரும் ஒரே மாதிரி இருக்கிற இடத்துல தனியா தெரியணுமா? புவிசார் குறியீடு வாங்கின மதுரை சுங்குடியில குர்தியோ, சட்டையோ தைச்சுப் போட்டுப் பாருங்க. தெரு முனை டெய்லர் அண்ணாதான் உங்க பெர்சனல் ஸ்டைலிஸ்ட். பழைய பேன்ட்டை ஆல்டர் பண்றது, அம்மாவோட காட்டன் புடவையைக் குர்தியாக்குறது எல்லாம் புதுசு வாங்குறதைவிட கம்மி செலவுல முடியும்.

பில்லைத் தூக்கிப் போடாதீங்க

‘ஒருமுறை விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ன்னு பில்லுல அச்சடிச்சிருப்பாங்க. கலர் பிடிக்கலை, மனசு மாறிடுச்சுன்னா கடைக்காரர் மாத்திக் கொடுக்கணும்னு கட்டாயம் இல்லை. ஆனா, குறைபாடுள்ள துணியைத் திருப்பி எடுக்க மறுக்கிறது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லுல சொன்ன காலத்துக்குள்ள, எதுவும் சொல்லலைன்னா 30 நாளுக்குள்ள, திருப்பி எடுத்துக்கிட்டு பணம் தரணும். மறுத்தா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடலாம். அதுக்கு பில் முக்கியம். கையில வாங்கினதும் போட்டோ எடுத்து வெச்சுக்குங்க.

இன்னொரு விஷயமும் யோசிக்கணும். திருப்பூர்ல சாயக்கழிவு நொய்யல் ஆத்தைக் கெடுத்ததால, 2011-ல சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. தண்ணி, மின்சாரம், பல பேரோட உழைப்புனு எல்லாம் சேர்ந்துதான் ஒரு டி-ஷர்ட் நம்ம கைக்கு வருது. அதைப் பிரிக்காமலே பீரோவுல வெச்சா, நஷ்டம் நம்ம பர்ஸுக்கு மட்டும் இல்லை.

இந்த ஞாயித்துக்கிழமை உங்க பீரோவையும் ஒருமுறை கட்டில்ல கொட்டிப் பாருங்க. போடுறது, ஆல்டர் பண்ண வேண்டியது, யாருக்காவது கொடுக்கக்கூடியதுனு மூணு குவியலா பிரிங்க. ‘புதுசு’ன்னு நினைச்சு வாங்கப் போறதுல ஒண்ணு, ரெண்டு உள்ளேயே கிடைக்கலாம். என்னோட ஒன்பதுல ரெண்டை ஆல்டர் பண்ணிப் போட்டுக்கிட்டிருக்கேன், நாலு தம்பிக்குப் போச்சு, மூணு தேவைப்பட்டவங்களுக்குக் கொடுத்துட்டேன்.

அம்மாவுக்குக் கண்ணாடி மாத்தியாச்சு. புதுக் கண்ணாடி போட்டுட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தவங்க, “இந்தச் சட்டை உனக்கு நல்லா இருக்கேடா, புதுசா?”ன்னு கேட்டாங்க. ரெண்டு வருஷமா போடுற சட்டைம்மா அது!