உப்பில் ஒரு 'மைக்ரோ' கணக்கு: எம்ஜி, எம்சிஜி குழப்பம் ஏன் ஆபத்து?

மரக்காணம் உப்பளங்களில் உப்பை டன் கணக்கில் அள்ளுவாங்க. கடையில் நாம வாங்குவது கிலோவில். ஆனா அதில் கலக்கிற அயோடின்? வெறும் மில்லிகிராம்தான்!

அயோடின் உப்பில் 30 பிபிஎம் அயோடின் இருக்குன்னு வைத்துக்கொள்வோம். பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அதாவது 1 கிலோ உப்பில் 30 மில்லிகிராம். 1 கிராமில் 30 மைக்ரோகிராம். 5 கிராம் உப்பில் 150 மைக்ரோகிராம். பெரியவர்களுக்கு ஒரு நாள் தேவையும் அதுதான். ஈரம் பட்டால் அயோடின் குறையும். அதனால் கடையில் வாங்கும்போது 15 பிபிஎம் இருந்தால் போதும் என்கிறது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. வீட்டில் டப்பாவை இறுக மூடி வைங்க.

அயோடின் பற்றாக்குறையால் கழுத்தில் கழலை வரலாம். கர்ப்பிணிகளுக்குக் குறைந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கும்.

மில்லி ஆயிரத்தில் ஒன்று. மைக்ரோ பத்து லட்சத்தில் ஒன்று. மாற்றிப் படித்தால் 1,000 மடங்கு பிழை!

கம்ப்யூட்டரிலும் இதே மாதிரி குழப்பம் உண்டு, ஆனால் சின்னது. கிலோ என்றால் 1,000. கம்ப்யூட்டர்காரர்கள் 1,024-ஐயும் கிலோ என்றார்கள். அதனால்தான் 128 ஜிபி பென் டிரைவை விண்டோஸ் சுமார் 119 ஜிபி என்று காட்டுகிறது. அங்கே நஷ்டம் எதுவும் இல்லை. தைராய்டு மாத்திரையில் அப்படி விட முடியாது. அட்டையில் இருப்பது எம்ஜியா, எம்சிஜியா என்று பார்த்துடுங்க.