மரதன் ஓடப் புகுவோருக்கு

சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாக்களிலே 'மரதன்' என்றொரு போட்டி அதிகாலையில் நடைபெறுவதை நம் நாட்டில் அறியாதார் இலர். கடைவீதியிலே தொடங்கி, ஊரைச் சுற்றிச் சில மைல் ஓடி, புறப்பட்ட இடத்திலேயே முடியும் அவ்வோட்டம் பெயரளவில் மட்டுமே மரதன் ஆகும். உண்மையான மரதனின் தூரம் 42 கிலோமீற்றரும் 195 மீற்றருமாம். 1908இல் இலண்டன் ஒலிம்பிக் பந்தயத்தை விண்ட்சர் கோட்டையிலே தொடங்கி, அரங்கில் அரச குடும்பத்தினரின் ஆசனத்தின் முன் முடித்தனர். அதனாற் பிறந்ததே இந்த விந்தையான கணக்கு. 1921இல் அதுவே நிலையான அளவாயிற்று.

இத்தூரத்தை மாத்தளை வாசகர் மனத்தால் அளந்து பார்க்கலாம். பட்டணத்திலிருந்து அலுவிகாரை, பலாபத்வெல, நாவுல வழியாகச் செல்லும் ஏ-9 வீதியிலே ஓடிக்கொண்டே இருந்தால், தம்புள்ளையை எட்டுவதற்குச் சற்று முன்னர்தான் மரதன் முடியும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களை நாடி மன்னார்க் கரையில் வந்திறங்கிய நம் முன்னோர், இதே வடக்குப் பாதையில், காட்டினூடே தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்தே வந்தனர். அவர்களுள் பெண்களும் இருந்தனர். கொள்ளை நோயினாலும் பசியினாலும் வழியிலேயே மாண்டோர் மிகப் பலர்.

இன்று கொழும்பிலே நடைபெறும் மரதனில் ஓட விரும்பும் மாத்தளை இளைஞன் முதலிற் கற்கவேண்டியது மெதுவாக ஓடுதலையே. பக்கத்தில் வருபவரோடு மூச்சு வாங்காமற் பேசிச் செல்லக்கூடிய வேகமே போதுமானது. இதைச் சொன்னால் இளைஞர் நகைப்பர். ஆனால் இருதயமும் நுரையீரலும் சில வாரங்களிலே பழகிவிடுகின்றன. எலும்பும் தசைநாரும் அவ்வளவு விரைவிற் பழகுவதில்லை. மூச்சு இடங்கொடுக்கிறதென்று ஓடியவர்களே கணுக்காலையும் முழங்காலையும் பிடித்துக்கொண்டு வைத்தியரிடம் செல்கின்றனர்.

இடையின்றிப் 10 கிலோமீற்றர் ஓட வல்லவர்க்கு மேலும் நான்கைந்து மாதப் பயிற்சி தேவை. வாரத்தில் ஒருநாள் மட்டும் நீண்ட ஓட்டம். அதனைச் சிறிது சிறிதாக 30 கிலோமீற்றர் வரை உயர்த்துதல் வேண்டும். இடையிடையே ஒரு வாரம் குறைத்து ஓடுவதும், கடைசி இரண்டு மூன்று வாரங்கள் நன்றாகக் குறைப்பதும் சோம்பலன்று. இரத்தோட்டை வீதியின் ஏற்றம் காலுக்கு வலுத்தரும். ஆயினும் தொடையை நோகச் செய்வது இறக்கமே. ஏ-9 வீதியில் லொறிகளோடு போட்டியிடுவதை நாம் விரும்பவில்லை. வேறு வழியில்லையேல், வாகனங்களை எதிர்நோக்கியவாறு வலப்பக்கமாக ஓடுதல் நன்று. (நாய்களைப் பற்றி நாம் எச்சரிக்க வேண்டியதில்லை, அவையே அறிமுகப்படுத்திக்கொள்ளும்.) பல போட்டிகளில் 18 வயது நிரம்பாதோரைச் சேர்ப்பதில்லை என்பதை மாணவர் நினைவிற் கொள்க.

செக்கோஸ்லோவாக்கிய வீரர் எமில் சாட்டோபெக், 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் ஓடியதே அவருடைய முதல் மரதன். முன்னணியில் ஓடிய ஆங்கிலேயர் ஜிம் பீற்றர்ஸை அணுகி, இந்த வேகம் அதிகமோ என்று அவர் வினவினார். மெதுவென்று பதில் வந்தது. சாட்டோபெக் அதனை நம்பி விரைந்து தங்கப் பதக்கமும் பெற்றார். பீற்றர்ஸ் இடைவழியில் விலகினார். ஆனால் சாட்டோபெக் அதே விழாவில் 5,000, 10,000 மீற்றர்ப் போட்டிகளையும் வென்றவர். அவரைப் பின்பற்ற எண்ணுவோர் இதனை மறத்தல் ஆகாது.

பீற்றர்ஸின் கதை அத்துடன் முடியவில்லை. 1954இல் வான்கூவரிலே வெயில் கடுமையான ஒரு நாளில், மற்றவர்களை 17 நிமிடம் பின்னே விட்டு அரங்கினுள் நுழைந்தார். நுழைந்ததும் விழுந்தார், எழுந்தார், மீண்டும் மீண்டும் விழுந்தார். எல்லைக் கோட்டைக் கடக்காமலே அவரைத் தூக்கிச் செல்ல நேர்ந்தது. அதன்பின் அவர் எந்தப் பந்தயத்திலும் ஓடவில்லை. கடல் மட்டத்திற்கு மேல் 360 மீற்றரளவில் உள்ள மாத்தளையின் காலைக் குளிரிற் பழகியவர்க்குக் கொழும்பின் புழுக்கம் பெரும் சோதனையாகும். தலை சுற்றி, நடை தடுமாறி, பேச்சுக் குழறினால் உடனே நின்றுவிட வேண்டும். அது உயிருக்கே ஆபத்தான நிலை. அதற்காக அளவின்றி நீர் அருந்துவதும் தவறு. 2002ஆம் ஆண்டு பொஸ்டன் மரதனில் ஓடிய 488 பேரின் இரத்தத்தை ஆராய்ந்தபோது, நூற்றுக்குப் பதின்மூவரின் இரத்தத்தில் உப்புச் சத்துக் குறைந்திருக்கக் கண்டனர். தாகத்திற்கு ஏற்பக் குடிப்பதே முறை.

பெண்களுக்கு இவ்வோட்டம் ஆகாதென்று உலகம் நெடுங்காலம் எண்ணியிருந்தது. 1967இல் பொஸ்டனில் கத்ரின் சுவிற்சர் என்னும் மாணவி ஓடிக்கொண்டிருக்கையில், போட்டி அதிகாரி ஒருவர் பாய்ந்து அவரைப் பாதையிலிருந்து இழுக்க முயன்றார். எனினும் அவர் ஓடி முடித்தார். ஒலிம்பிக்கிலோ 1984 வரை பெண்களுக்கு மரதனே இல்லை. நம் வீடுகளிலும் மகள் ஓடப் புறப்பட்டால், 'அயலார் என்ன சொல்வார்கள்' என்ற கேள்வியே முதலில் எழுகிறது. வடக்குப் பாதையை நடந்து கடந்த பாட்டிமாரின் வழிவந்தவளிடம் அதைக் கேட்பது நமக்கு வியப்பாகவே இருக்கின்றது. இருள் பிரியாத வேளையில் தனியே அனுப்பப் பெற்றோர் அஞ்சுவது நியாயமே. தந்தையோ அண்ணனோ சைக்கிளில் உடன் செல்லட்டும். தண்ணீர்ப் போத்தலையும் இரண்டு வாழைப்பழங்களையும் அவரிடமே கொடுத்து விடலாம். 20 கிலோமீற்றருக்கு மேல் ஓடும் நாள்களில் அவை கட்டாயம் தேவைப்படும்.